தட்டில் ஒரு வட்டம் – 9: சுண்ணாம்பில் வெந்த சோளம்

போன வாரம் எத்தியோப்பியாவின் இஞ்சேராவுக்காக மூன்று நாள் மாவைப் புளிக்கவிட்டுக் காத்திருந்தோம். இந்த வாரம் ஒரு ராத்திரி காத்திருந்தால் போதும்.

சிகாகோவில் குடியிருந்த காலம். வீட்டில் ஒருவருக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடிப்போய், எண்ணெயை அறவே குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். இட்லி, இடியாப்பம், கஞ்சி என்று ஒரு மாதம் ஓட்டினேன். அதற்குமேல் வீட்டில் கலகம். சரி, டோர்ட்டியா வாங்கிப் பார்ப்போம் என்று சூப்பர் மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். எழுத்துக்கூட்டினால் ‘டார்ட்டில்லா’ என்றுதான் வாயில் வரும். ஸ்பானிஷில் இரட்டை ‘எல்’ வந்தால் ‘ய’ என்று பக்கத்து வீட்டம்மாள் திருத்தியது பிறகு.

டோர்ட்டியாவுக்கென்றே ஒரு முழு அலமாரி. கோதுமை டோர்ட்டியா பாக்கெட்டைத் திருப்பினால் மைதா, தண்ணீர், பாமாயில் அல்லது அதுபோல் உறைந்த கொழுப்பு, உப்பு, பேக்கிங் பவுடர், கெடாமலிருக்க இரண்டு மூன்று அமிலங்கள், மடித்தால் உடையாமலிருக்க மோனோகிளிசரைடு. மாவுச்சத்து குறைவு என்று பெருமையடித்துக்கொண்ட பாக்கெட்டில் குளூட்டனும் ஏதேதோ ஸ்டார்ச்சும். எண்ணெய் இல்லை என்று எழுதிய ஒன்றும் மூலையில் இருந்தது. விலை இரண்டு மடங்கு. வாங்கி வந்து சுட்டால், நம் புல்காவேதான், நேற்றுச் செய்து வைத்த புல்கா. கோதுமை மாவும் குழவிக்கட்டையும் வீட்டிலிருக்க அதற்கா அந்தக் காசு?

மறுமுறை போனபோது கீழ்த்தட்டில், காகிதத்தில் சுற்றிய ஒரு கட்டு கண்ணில் பட்டது. தொட்டால் இன்னும் வெதுவெதுப்பு. மேலே மூன்றே சாமான் எழுதியிருந்தது: மக்காச்சோளம், தண்ணீர், சுண்ணாம்பு.

சுண்ணாம்பா? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன்.

எண்ணெய் நீக்கிய பண்டம் வேறு, எண்ணெயையே அறியாத பண்டம் வேறு. கோதுமை டோர்ட்டியா வடக்கு மெக்சிகோவின் பிள்ளை. சொனோரா பக்கம் அதற்குப் பேர்போனது. கோதுமையையும் பன்றியையும் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர்கள். ஆகவே பிறக்கும்போதே அதில் பன்றிக்கொழுப்பு உண்டு. மக்காச்சோள டோர்ட்டியா அவர்கள் கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. பன்றியும் மாடும் இல்லாத அந்த அடுப்படியில் வேகவைத்தார்கள், அவித்தார்கள், ‘கோமால்’ என்ற மண்கல்லில் சுட்டார்கள். வட்டமாக இருந்ததைப் பார்த்து ‘சின்னக் கேக்’ என்ற பொருளில் ஸ்பானியர்கள் வைத்த பெயர்தான் டோர்ட்டியா. நாவாட்ல் மொழியில் அதன் சொந்தப் பெயர் த்லாஷ்கல்லி. உப்புகூட இல்லாமல் செய்வதுதான் பழைய வழக்கம்.

நானே சுட்டால் என்ன என்று தோன்றியது. இந்தியக் கடையில் மக்காச்சோள மாவு வாங்கி வந்து பிசைந்தேன். தட்டத் தட்ட ஓரமெல்லாம் வெடித்தது. கல்லிலிருந்து எடுத்தால் நாலு துண்டு. பஞ்சாபியர் இதே மாவை வெந்நீரில் பிசைந்து மக்கி ரொட்டி தட்டுகிறார்கள். அது கனமான ரொட்டி, சுருட்ட வராது. உடைந்த துண்டுகளை ஒரு தட்டில் போட்டு அடுத்த வீட்டுச் செஞோராவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மிச்சோவாகான் மாநிலத்திலிருந்து வந்து நாற்பது வருஷமாகச் சிகாகோவில் இருப்பவர். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, “இது வெறும் மாவு, மிஹா. மாசா இல்லை” என்றார். மிஹா என்றால் மகளே.

மாசா எப்படி வரும் என்று அன்று ராத்திரி அவர் அடுப்படியில் பார்த்தேன். ஒரு கிலோ காய்ந்த வெள்ளை மக்காச்சோளத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீர், 10 கிராம் சுண்ணாம்பு. சோளத்தைக் கொட்டிய சில நிமிஷத்தில் பால்போல் இருந்த தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. மெல்லக் கொதிக்கவிட்டார். அரை மணி கழித்து ஒரு மணியை எடுத்து இரு விரலால் நசுக்க, தோல் வழுக்கிக்கொண்டு கழன்றது. கடித்துப் பார்க்கச் சொன்னார். நடுவில் ஒரு பொட்டு மட்டும் வேகாமல் இருந்தது. அதுதான் பதம். அடுப்பை அணைத்து, மூடி, அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போனார். ஊறி வெந்த அந்தச் சோளத்துக்குப் பெயர் நிஷ்டமால். நெஷ்த்லி என்றால் சாம்பல். சுண்ணாம்புக்கு முன்னால் சாம்பலும் இந்த வேலையைச் செய்திருக்கிறது.

காலையில் மூடியைத் திறந்ததும் வந்த வாசனை எனக்குப் புதிதில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கொல்லையில் சுண்ணாம்பு ஊறப்போட்ட தொட்டி வாசனை.

மஞ்சள் தண்ணீரை வடித்து, இரண்டு தடவை கழுவித் தோலைத் தேய்த்தெடுத்தோம். இனி அரைக்க வேண்டும். அவர் அம்மா மூன்று கால் உள்ள மெதாத்தே கல்லில் முழந்தாளிட்டு அரைத்தவராம். இவர் பதினெட்டாம் தெருக் கடையில் அரைத்த மாசாவாகவே வாங்கிவிடுவதுதான் வழக்கம். நான் அவரை என் வீட்டுக்குக் கூட்டிவந்து டேபிள்டாப் கிரைண்டரைக் காட்டினேன். கல் உருளுவதைக் குனிந்து பார்த்துவிட்டு, போடு என்றார். அரைந்தது, வெண்ணெயாக அரைந்தது. ஆனால் இட்லிக்கு அரைத்த கை சும்மா இருக்குமா? தெளித்துத் தெளித்து, தோசைமாவுப் பக்கம் கொண்டுபோய்விட்டேன். செஞோரா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குப் போய் மாசா மாவு பாக்கெட்டோடு வந்து, நாலு கைப்பிடி தூவிப் பிசைந்து மீட்டார்.

சுண்ணாம்பு என்ன செய்கிறது? சோளத்தோலில் உள்ள ஹெமிசெல்லுலோஸைக் கரைத்துப் பசையாக்குகிறது. சூடு ஸ்டார்ச்சைப் பாதி வேகவைக்கிறது. மாவு சேர்ந்து நிற்பது இதனால்தான். கோதுமைக்குக் குளூட்டனும் கொழுப்பும் பார்க்கிற வேலை இங்கே சுண்ணாம்பின் தலையில். கூடவே கால்சியம் ஏறுகிறது. இதைவிடப் பெரிய காரியம் ஒன்று: மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற பி-3 வைட்டமின் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் கட்டைச் சுண்ணாம்பு அவிழ்க்கிறது.

ஐரோப்பியர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். 1735-இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் தோல் வெடித்துச் சிவக்கும் ஒரு நோயைக் கவனித்தார் காஸ்பர் கசால் என்ற மருத்துவர். சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளுக்கு வந்த அதைத்தான் இத்தாலியில் பெலாக்ரா என்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் அது கொத்துக்கொத்தாகக் கொன்றது. தொற்றுநோய் என்றே பலரும் நம்ப, 1914-இல் அரசு அனுப்பிய டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர், இல்லை, சாப்பாடுதான் காரணம் என்றார். நம்பாதவர்களுக்கு நிரூபிக்க நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. இல்லாத அந்தச் சத்து நியாசின் என்பதை விஸ்கான்சினில் கான்ராட் எல்வெஹெம் காட்ட 1937 ஆயிற்று. மெக்சிகோவின் பாட்டிகளுக்கு வைட்டமின் தெரியாது, சுண்ணாம்பு தெரியும்.

ராத்திரி ஊறவைக்கப் பொறுமையில்லாதவர்களுக்கு மாசா மாவு இருக்கிறது: சுண்ணாம்பில் வெந்து அரைந்த சோளத்தைக் காயவைத்துப் பொடித்தது. 1949-இல் வடக்கு மெக்சிகோவின் செர்ரால்வோ ஊரில் தொடங்கிய குரூமா கம்பெனியின் ‘மசேகா’ இதில் பிரபலம். பாக்கெட்டில் சுண்ணாம்பு என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது என் இந்தியக் கடை மாவுதான். கார்ன்ஃப்ளவர் என்ற வெள்ளைப்பொடி இதற்கு ஒத்தே வராது. நேரே சோளத்திலிருந்து தொடங்குபவர்கள் சமையலுக்கென்று விற்கும் நீர்த்த சுண்ணாம்பையே வாங்குங்கள். வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு வேண்டாம்.

இரண்டு கப் மாசா மாவுக்கு ஒன்றரை கப் வெதுவெதுப்பான தண்ணீர். பிசைந்து ஈரத்துணி மூடி இருபது நிமிஷம். எலுமிச்சை அளவு உருட்டி, உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதாது, கையில் ஒட்டினால் அதிகம். கத்தரித்த பிளாஸ்டிக் பை இரண்டுக்கு நடுவே வைத்து, அச்சு இல்லாவிட்டால் கனத்த தட்டால் அமுக்கினால் போதும். கல் நன்றாகக் காய வேண்டும். முதல் பக்கம் இருபது விநாடி, திருப்பி ஒரு நிமிஷம், மறுபடி திருப்பினால் உப்ப வேண்டும். கல்லுக்கும் எண்ணெய் வேண்டாம். மண் கோமாலாக இருந்தால் ஒட்டாமலிருக்க அதன்மேலும் சுண்ணாம்புத் தண்ணீரைத்தான் பூசுகிறார்கள். சுட்டதை உடனே தின்னாமல் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் வையுங்கள். அந்த ஆவியில்தான் அது மடிக்க வரும். உள்ளங்கை அகலத்தில் ஒன்றுக்கு ஐம்பது, அறுபது கலோரி. எண்ணெய் இல்லை என்று பன்னிரண்டு தின்றால் கணக்கு வேறு.

நான் சுட்ட முதல் ஏழும் அப்பளமாகக் கிடந்தன. எட்டாவது, இரண்டாம் திருப்பில் ஒரு நொடி யோசித்துவிட்டு, பந்தாக எழும்பியது. செஞோரா கைதட்டினார். டோர்ட்டியா உப்பிவிட்டால் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைக்கலாம் என்று அவர்கள் ஊரில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டாம். எனக்குக் கல்யாணமாகி அப்போது இருபத்தோரு வருஷம். கொழுப்பு கூடினவர் கூடத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

(தொடரும்)