12 மெகாபிக்சலும் 12 மெகாபிக்சலும் ஒன்றல்ல

தங்கையின் பரதநாட்டிய அரங்கேற்றத்தில் முதல் அரை மணி நேரம் நான் எடுத்த படங்களில் ஒன்றில்கூட அவளுடைய கைகள் தெளிவாக விழவில்லை. முகம் இருந்தது, நெற்றிச்சுட்டி மின்னியது. முத்திரை பிடித்த விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு கறை. என் கையில் இருந்தது, பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய ஒலிம்பஸ் டஃப் டிஜி-6. தண்ணீரில் மூழ்கினாலும் கீழே விழுந்தாலும் தாங்கும் என்று நண்பர்களிடம் நான் பெருமையடித்துத் திரிந்த கேமரா.

பக்கத்து இருக்கையில் மாமா. திருமணங்களைப் படமெடுப்பது அவர் தொழில். என் திரையை எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மடியில் வைத்திருந்த கனத்த நிக்கான் டி3-ஐ என்னிடம் நீட்டினார். “இதுல எடுத்துப் பாரு.” 2007ஆம் ஆண்டு வெளிவந்த கேமரா அது. இன்று எங்கள் வீட்டு வரவேற்பறையில் அம்மா மாட்டி வைத்திருக்கும் படம், வர்ணம் முடிவதற்குள் அதில் நான் எடுத்ததுதான்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு கேமராக்களின் விவரக்குறிப்புகளையும் தேடிப் படித்தேன். மாமாவின் கேமரா 12 மெகாபிக்சல். 2019இல் வெளிவந்த என் கேமராவும் 12 மெகாபிக்சல். அப்படியென்றால், 12 ஆண்டு பழைய கேமரா எப்படி வென்றது?

புள்ளிகள் சமம், பரப்பு சமமல்ல

மெகாபிக்சல் என்பது ஒரு படத்தில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதை மட்டுமே சொல்லும். ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு ஒளி கிடைத்தது என்பதை அது சொல்லாது.

டி3-இன் சென்சர் 36 மில்லிமீட்டர் நீளமும் 23.9 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படம் பிடிக்கும் இடமும் ஏறக்குறைய இதே அளவுதான். டிஜி-6-இன் சென்சர் சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பெருக்கிப் பாருங்கள். முதலாவதன் பரப்பு 860 சதுர மில்லிமீட்டர், இரண்டாவதன் பரப்பு 28 சதுர மில்லிமீட்டர். ஏறக்குறைய 30 மடங்கு வேறுபாடு!

மழையில் வாசலில் பாத்திரம் வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் 12 அண்டாக்கள், இன்னொரு வீட்டில் 12 தம்ளர்கள். எண்ணிக்கை ஒன்றுதான். கொட்டும் மழையில் இரண்டும் நிரம்பிவிடும், வேறுபாடு தெரியாது. தூறல் மட்டும் விழும் நாளில்தான் தெரியும். ஓர் அண்டாவில் நான்கு துளி கூடவோ குறையவோ விழுந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தம்ளரில் அதே நான்கு துளி பெரிய வேறுபாடு.

இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இதைக் கணக்காகவே போட்டுவிடலாம். ஒளி, துகள் துகளாக வந்து விழுகிறது. விழும் எண்ணிக்கை இயல்பாகவே ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம், எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். ஒரு புள்ளியில் 100 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 10, அதாவது 10 விழுக்காடு. அதைப்போல் 30 மடங்காக 3,000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 55, அதாவது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. இருட்டில் எடுத்த கைப்பேசிப் படங்களில் மணல் தூவியதுபோல் தெரிகிறதே, அதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

12 ஆண்டுகளில் சென்சர் தொழில்நுட்பம் நன்றாகவே முன்னேறியிருக்கிறது. அதனால் இடைவெளி சற்றுக் குறைந்திருக்கிறது. ஆனால் 30 மடங்கு பரப்பை அது ஈடுகட்டிவிடவில்லை.

மேடையில் நடந்தது என்ன?

அன்று டி3-இல் மாமா போட்டிருந்த லென்ஸ் எஃப் 2.8 வரை திறக்கும். ஐஎஸ்ஓ 3200 வைத்தபோது, ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கு நேரத்தில் ஷட்டர் மூடியது. ஆடுபவரின் கை அசைவை நிறுத்திப் பிடிக்க அந்த வேகம் போதும்.

டிஜி-6-இன் லென்ஸ், அகலக் கோணத்தில் எஃப் 2 வரை திறக்கும். ஆனால் மேடையை அருகில் கொண்டுவர முழுதாக ஸூம் செய்தால் எஃப் 4.9 வரைதான். டி3-இல் இருந்த லென்ஸ் விட்ட ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் அதன் வழியே வரும். அதே ஐஎஸ்ஓவில் அதே வெளிச்சமான படம் கிடைக்க, ஷட்டர் மூன்று மடங்கு நேரம், அதாவது ஒரு நொடியில் 160இல் ஒரு பங்கு திறந்திருக்க வேண்டியதாயிற்று. அந்த நேரத்துக்குள் ஜதிக்கு ஏற்ப ஆடும் கை எங்கோ போய்விடுகிறது.

ஐஎஸ்ஓவை ஏற்றினால் ஆகாதா என்று கேட்கலாம். ஏற்றினேன். டிஜி-6-இல் 12800 வரை ஏற்ற முடியும். டி3-இல் வழக்கமான எல்லை 6400தான். தாளில் பார்த்தால் என் கேமராவுக்கே வெற்றி. ஆனால் 12800இல் எடுத்த படத்தில் பட்டுச் சேலையின் சரிகை, ஈரத்தில் கரைந்த வண்ணம்போல் ஒட்டிக்கிடந்தது. பட்டியலில் இருக்கும் எண், அந்த எண்ணில் எடுக்கும் படம் எப்படி இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இன்னும் சில காரணங்களும் உண்டு. டி3, நகரும் ஒருவரைத் தொடர்ந்து குவியப்படுத்த 51 புள்ளிகளைப் பயன்படுத்துகிறது; நொடிக்கு 9 படம் எடுக்கிறது. கண்ணாடி வழியாக நேரே மேடையைப் பார்ப்பதால், கண் பார்ப்பதற்கும் விரல் அழுத்துவதற்கும் இடையே திரையின் தாமதம் இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் செய்திப் படக்கலைஞர்கள் பலர் கையில் இருந்த கேமரா இது என்பதில் வியப்பில்லை.

சாங்கியில் கதை மாறியது

ஜூன் விடுமுறையில் மாமாவும் நானும் சாங்கி கடற்கரைக்குப் போனோம். ஆண்டின் நடுப்பகுதியில் இங்கே கடல் மிகத் தாழ வற்றுவது விடியலுக்கு முன்னர்தான். நீர் விலகிய மணலில் நண்டு, கடல் வெள்ளரி, கடற்சாமந்தி என்று எத்தனையோ உயிர்கள் தென்படும். எதையும் கையில் எடுக்காமல், கல்லைப் புரட்டாமல், பார்த்து நடக்க வேண்டும்.

மாமா தோளில் டி3. கேமராவின் உடல் மட்டும் மின்கலம் இல்லாமல் 1,240 கிராம். லென்ஸையும் சேர்த்தால் இரண்டு கிலோவைத் தாண்டும். டி3-இன் மூட்டுகளில் தூசியும் ஈரமும் புகாதபடி அடைப்புகள் உண்டு. சாரலைத் தாங்கும். ஆனால் உப்பு நீரில் விழுந்தால் அதோடு முடிந்தது. வழுக்கும் பாறைக்கு வந்ததும் மாமா கேமராவைப் பைக்குள் வைத்தார். தூறல் தொடங்கியதும் பையின் மேல் மழையுறையையும் போட்டார். அதன்பிறகு அது வெளியே வரவேயில்லை.

நான் டிஜி-6-ஐ ஒரு சிறு குட்டைக்குள் அப்படியே இறக்கினேன். வெள்ளிக் காசு அளவுகூட இல்லாத ஒரு நண்டு, ஓட்டுக்கடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தொலைவில் உள்ள பொருளைக்கூட இந்தக் கேமரா குவியப்படுத்தும். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால், நண்டின் கண்ணும் கொடுக்கில் இருந்த முடியும் தெரிந்தன.

இங்கேதான் எனக்கு ஒன்று விளங்கியது. அரங்கில் என்னைக் கவிழ்த்த அதே சிறிய சென்சர்தான் இங்கே கைகொடுத்தது. சென்சர் சிறிதானால், படத்தில் முன்னும் பின்னும் தெளிவாக விழும் ஆழம் கூடும். டிஜி-6-இல் எஃப் 2 வைத்து எடுத்தால், டி3-இல் ஏறக்குறைய எஃப் 11 வைத்து எடுத்தாற்போன்ற ஆழம் கிடைக்கிறது. முகப்படம் எடுக்கும்போது பின்னணி அழகாக மங்காமல் போவது அதனால்தான். ஆனால் நண்டு, பூச்சி, பூவின் மகரந்தம் என்று நெருங்கிப் போனால் இந்த ஆழமே வரம். டி3-இல் இதே படத்தை எடுக்கத் தனி மேக்ரோ லென்ஸ், விளக்கு, முக்காலி எல்லாம் வேண்டும். காய்ந்த தரையும் வேண்டும்.

தண்ணீர் புகாமல் இருப்பதன் பின்னாலும் ஒரு தந்திரம் இருக்கிறது. சாதாரணச் சிறிய கேமராக்களில் லென்ஸ் வெளியே நீளும். நீளும் இடத்தில் இடைவெளி இருக்கும். டிஜி-6-இல் ஒளி உள்ளே நுழைந்ததும் மடக்கித் திருப்பப்படுகிறது. ஸூம் அசைவு முழுவதும் உடலுக்குள்ளேயே நடக்கிறது. அதனால்தான் 15 மீட்டர் ஆழம், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுதல், 100 கிலோ எடையின் அழுத்தம், கழிவு 10 டிகிரி குளிர் ஆகியவற்றைத் தாங்கும் என்று தயாரிப்பாளரால் சொல்ல முடிகிறது. கடைசியாகச் சொன்னதை இந்த ஊரில் சோதிக்க வேண்டுமானால் உறைபெட்டிக்குள்தான் வைக்க வேண்டும்!

இடி கேட்டதும் கரையேறினோம். என்னிடம் 60 படங்கள். மாமாவிடம் ஒன்றும் இல்லை.

பட்டியலில் மறைந்திருப்பவை

டி3-இல் காணொளி வசதி கிடையாது. டிஜி-6, 4கே காணொளி எடுக்கும்; படம் எடுத்த இடத்தையும் நீரின் ஆழத்தையும் குறித்துக்கொள்ளும்; வைஃபை வழியாகக் கைப்பேசிக்குப் படத்தை அனுப்பும். டி3-இல் எடுத்த படத்தைப் பார்க்க, இன்று கடைகளில் அரிதாகிவிட்ட காம்பேக்ட் ஃபிளாஷ் அட்டைக்கு ஏற்ற கருவியைத் தேடி அலைய வேண்டும்.

மறுபக்கம், டி3-இன் மின்கலம் ஒரு முறை மின்னூட்டினால் சோதனை அளவின்படி 4,300 படங்கள் தாங்கும். டிஜி-6-க்கு 340. நாள் முழுவதும் நடக்கும் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் போகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

வாங்க நினைக்கிறீர்களா?

அமெரிக்காவில் டி3 அறிமுகமானபோது அதன் விலை ஏறத்தாழ 5,000 அமெரிக்க டாலர். இன்று பயன்படுத்திய நிலையில் அதன் ஒரு சிறு பங்கு விலைக்கே கிடைக்கிறது. சிட்டி ஹால் வட்டாரத்தில் உள்ள பழைய கேமராக் கடைகளில் இதுபோன்ற கருவிகளைப் பார்க்கலாம். ஆனால் அவசரம் வேண்டாம். மாமா சொல்லித்தந்தவை இவை:

• பழைய டிஎஸ்எல்ஆர் வாங்குமுன் ஒரு படம் எடுத்து, அந்தக் கோப்பில் பதிவாகியுள்ள ஷட்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். டி3-இன் ஷட்டர் 300,000 முறை சோதிக்கப்பட்டது. எண்ணிக்கை அதை நெருங்கியிருந்தால் யோசியுங்கள்.

• அட்டை செருகும் இடத்தில் ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று விளக்கடித்துப் பாருங்கள். லென்ஸ் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தால் பூஞ்சை சிலந்திவலைபோல் தெரியும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு உலர்பெட்டி அவசியம். அதில் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு இருக்கட்டும்.

• கேமராவின் விலையோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். நல்ல லென்ஸ் கேமராவைவிட அதிக விலைக்குப் போகலாம்.

• நீர்புகாக் கேமரா வைத்திருப்பவர்கள், மின்கலக் கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு மணல், ஒரு முடிகூட ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து வந்ததும் கதவைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். பயன்படுத்திய நிலையில் வாங்கினால், அந்த ரப்பர் இன்னும் நீரைத் தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

• முக்குளிப்பு பழகுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தொடக்கநிலைச் சான்றிதழே 18 மீட்டர் வரை இறங்க அனுமதிக்கும். டிஜி-6-இன் எல்லை 15 மீட்டர். அதற்கென உள்ள தனி உறையைப் போட்டால் 45 மீட்டர் வரை போகலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொரு கேள்வி உண்டு. கடந்த ஓராண்டில் கைப்பேசியில் எடுக்க முயன்று, சரியாக வராமல் போன படங்கள் எவை? அவை மேடையிலும் விளையாட்டரங்கிலும் இருட்டிலும் எடுத்தவை என்றால், உங்களுக்குத் தேவை பெரிய சென்சர். மழையிலும் கடலிலும் சேற்றிலும் எடுக்கவே துணியாதவை என்றால், உங்களுக்குத் தேவை உறுதியான உடல். அப்படி எதுவுமே நினைவுக்கு வரவில்லையா? பணத்தைப் பத்திரப்படுத்துங்கள். கைப்பேசியே போதும்.

சாங்கியிலிருந்து பேருந்தில் திரும்பும்போது மாமாவிடம் கேட்டேன், “அப்போ எது நல்ல கேமரா, மாமா?” அவர் தமது நனையாத பையைத் தட்டினார். “பைக்குள்ளயே இருந்தா எதுவும் நல்ல கேமரா இல்ல.”

அடுத்த மாதம் தங்கைக்கு இன்னொரு மேடை நிகழ்ச்சி இருக்கிறது. டி3-ஐ இரவல் கேட்டிருக்கிறேன். மாமா சரி என்றார், ஒரு நிபந்தனையோடு. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் தியோமான் தீவுக்குப் போகிறாராம். அந்த ஒரு வாரம் என் டிஜி-6 அவரிடம் இருக்க வேண்டுமாம்.