எட்டுப் பல்லும் எட்டு லாடமும்

பந்தயம் தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. சாலையோர வேப்பமரத்தடியில் ஒரு காளை இன்னும் பூட்டாமல் நிற்கிறது. ஒருவர் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் அதன் கீழுதட்டைக் கட்டைவிரலால் விலக்குகிறார். ஓரத்தில் சின்னச் சின்னப் பால்பற்கள். நடுவில் மண்வெட்டி போல அகலமாக நான்கு புதுப் பற்கள். "நாலு பல்லுதான் அண்ணாச்சி. கடை சேர இன்னும் ஒண்ணரை வருசம் கெடக்கு" என்று கையைத் துண்டில் துடைத்துக்கொள்கிறார்.

பிறப்புச் சான்றிதழ் இல்லாத உயிருக்கு வாய்தான் சான்றிதழ். மாட்டுக்கு மேல்தாடையின் முன்பக்கம் பல்லே கிடையாது. கீழ்த்தாடையில் மட்டும் எட்டு முன்பற்கள். சுமார் 2 வயதைத் தாண்டியதும் நடுவில் முதல் சோடிப் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும். 3 வயதையொட்டி அடுத்த சோடி, பிறகு மூன்றாவது, கடைசியாக 4 வயதுக்கு மேல் ஓரச் சோடி. எட்டும் சேர்ந்தால் 'கடை சேர்ந்தது' என்பார்கள். பந்தயக் காளையின் வாழ்க்கையை இந்தப் பல் கணக்கிலேயே எழுதிவிடலாம்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வட்டாரக் கரிசல் ஊர்களில் கோயில் கொடை என்றால் மாட்டுவண்டிப் பந்தயமும் உண்டு. மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் விழாவையொட்டியும் வண்டிகள் ஓடும். கொங்கு நாட்டு ரேக்ளா வேறு வகை. அங்கே 200 மீட்டர், 300 மீட்டர் தூரத்தைக் கடிகாரத்தை வைத்து அளப்பார்கள். தெற்கே கணக்கு மைலில். பெரிய மாட்டுக்குப் போக வர 10 மைல், சில ஊர்களில் 12 மைலும் வைப்பார்கள். சின்ன மாட்டுக்கு அதைவிடக் குறைவு, பூஞ்சிட்டுக்கு இன்னும் குறைவு. ரேக்ளா நூறு மீட்டர் ஓட்டம் என்றால் இது நெடுந்தூர ஓட்டம். இரண்டும் கேட்கும் தசை வேறு, மூச்சு வேறு, பழக்கும் முறையும் வேறு.

பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று உருவத்தைப் பார்த்துப் பிரிக்கும் இந்த வழக்கம் கார்ப் பந்தயம் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. கடையில் விற்கும் சாதாரணக் காரையே பலப்படுத்தி ஓட்டுவதற்கு டூரிங் கார் பந்தயம் என்று பெயர். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறந்த 3.7 கிலோமீட்டர் ஓடுதளத்தில் மாருதி எஸ்டீமும் ஹோண்டா சிட்டியும் ஓடியது அப்படித்தான். எஞ்சின் அளவுக்கு ஒரு பிரிவு, எடைக்கு ஒரு விதி. 1996-ல் ஆடி ஏ4 குவாட்ரோ, நாலு சக்கரத்துக்கும் இழுவை தரும் அமைப்போடு பிரிட்டிஷ் டூரிங் கார் போட்டிக்கு வந்தது. ஃபிராங்க் பியலா ஓட்டி அந்த ஆண்டே பட்டத்தை எடுத்தார். அடுத்த ஆண்டு அதன்மேல் கூடுதல் எடை ஏற்றினார்கள். 1998-லிருந்து அங்கே நாலு சக்கர இழுவைக்கே இடமில்லை. ஒரு காரின் மூன்று சீசன் கதை அவ்வளவுதான்: ஜெயித்தது, சுமை ஏறியது, வெளியே போனது.

காளையின் கதையில் சுமையை யாரும் ஏற்ற வேண்டியதில்லை. அதன் உடம்பே சுமை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பந்தய வண்டியும் அதில் இருக்கும் ஆட்களும் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நல்ல தார்ச்சாலையில், சமதரையில், உருளும் சக்கரத்தை இழுக்க எடையில் நூற்றில் இரண்டு பங்கு விசை போதும் என்றால், தேவைப்படுவது வெறும் 5 கிலோ இழுவைதான். வீட்டுக் கிணற்றில் ஒரு சின்ன வாளித் தண்ணீர் இறைக்கும் விசை. இதே சோடி கரிசலை உழும்போது, தலைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், 80 கிலோ வரை நாள் முழுக்க இழுக்கும். மெதுவான நடையில் அது ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன்.

அப்படியென்றால் பந்தயத்தில் மாடு எதற்கு இப்படி இரைக்கிறது? சாலை நூறடிக்கு இரண்டடி ஏறினால் வண்டிக்கான இழுவை 5 கிலோவிலிருந்து 10 கிலோ ஆகும். ஆனால் தலைக்கு 400 கிலோ உள்ள இரண்டு காளைகள் தங்களைத் தாங்களே மேலே தூக்க இன்னும் 16 கிலோ விசை வேண்டும். உழவில் மண் சுமை, பந்தயத்தில் மாடுதான் மாட்டுக்குச் சுமை. ஒவ்வொரு தாவலிலும் அந்த 400 கிலோ காற்றில் எழும்பி, மறுபடி குளம்புகளில் வந்து இறங்குகிறது. பத்து மைல் முழுக்க.

வண்டியில் இரண்டாவது ஆள் ஏன் அடிக்கடி குதித்து இறங்கிப் பக்கத்தில் ஓடுகிறார் என்பதும் இந்தக் கணக்கில் விளங்கும். 60 கிலோ ஆள் இறங்கினால் வண்டிப் பாரத்தில் கால்வாசி போய்விடுகிறது. பெரிய பந்தயங்களில் சாரதியைவிட இந்தத் துணை ஆளின் மூச்சுக்குத்தான் முதலில் கைதட்ட வேண்டும் என்று தோன்றும்.

பந்தயம் கரிசலில் நடக்காமல் தார்ச்சாலையில் நடப்பதற்கும் காரணம் உண்டு. கரிசல் மண்ணில் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் நிறைந்திருக்கிறது. அதன் அணு அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் நுழைந்தால் மண் ஊதும், சக்கரத்தில் அப்பிக்கொண்டு வரும். காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். ஒன்றில் சக்கரம் மாட்டும், இன்னொன்றில் கால் மாட்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஈரம் சரியாக இருக்கும் சில நாட்களுக்குள் உழுது விதைத்தாக வேண்டிய மண் இது. வலுவான மாடு இல்லாதவனுக்கு அந்த வருடம் பருத்தியும் இல்லை, சோளமும் இல்லை என்ற காலம் இருந்தது. மாட்டைப் போட்டிக்கு நிறுத்தும் வழக்கம் அந்த அவசரத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையாளரின் ஊகம்.

எல்லையில் வண்டி திரும்புவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஐந்தடி என்றால், அரைவட்டத் திருப்பத்தில் வெளிச் சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறத்தாழ 16 அடி கூடுதலாக உருள வேண்டும். காரில் இதற்காகவே இழுவை தரும் அச்சில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு வைத்திருக்கிறார்கள். மாட்டுவண்டியில் அச்சு சுழலாது. இரண்டு சக்கரமும் தனித்தனியாக அதன்மேல் சுழல்கின்றன, அதனால் அந்தச் சிக்கல் வண்டிக்கு இல்லை. சிக்கல் மாடுகளுக்குத்தான். உள்மாடு காலை ஒடுக்கி அடி எடுக்க, வெளிமாடு எட்டிப் போட வேண்டும். ஒன்று பிந்தினாலும் நுகம் சாய்ந்து கழுத்தை அழுத்தும். இடத்து மாடு, வலத்து மாடு என்று இடம் மாற்றாமல் பழக்குவது இதற்காக. நல்ல சோடி அமைவது நல்ல காளை அமைவதைவிட அரிது.

எட்டுப் பல் கணக்குக்கு வருவோம். பல் வளரும் காலம்தான் எலும்பு முற்றும் காலமும். இளம் எலும்பின் முனைகளில் குருத்தெலும்புத் தட்டுகள் இருக்கும், நீளம் கூடுவது அங்கேதான். மாட்டுக்கு முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் இந்தத் தட்டு மூட 2 முதல் 2½ வயது ஆகும். தொடையிலும் மேற்கையிலும் மூட 3½, 4 வயது வரை ஆகும். அதற்கு முன் தசை முறுக்கேறிவிடும், ஓட்டத்தில் சூரனாகத் தெரியும், ஆனால் உள்ளே எலும்பு இன்னும் வேலையில் இருக்கிறது. இரண்டு பல் காளையைச் சீசன் முழுக்க ஓடவிட்டவருக்குக் கடை சேரும்போது கையில் இருப்பது நொண்டும் காளை. பொறுத்தவருக்கு அப்போதுதான் சீசன் தொடங்குகிறது. நிலைமாறாத விதி எதுவும் இல்லாத இந்த விளையாட்டில், பூஞ்சிட்டுப் பிரிவுகளுக்குக் குறைந்தபட்ச வயது ஒன்றைக் கால்நடை மருத்துவர்களே வகுத்துத் தந்தால் நல்லது.

அதனால்தான் கண்மாயில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் அனுபவசாலிகள் மாட்டை நீந்தவிடுகிறார்கள். மூச்சும் தசையும் உழைக்கும், குளம்பில் ஓர் அடிகூட விழாது.

உழைக்கும் தசை செலவழிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குதான் ஓட்டமாகிறது. மிச்சம் சூடு. பெட்ரோல் எஞ்சினும் ஏறக்குறைய இதே லட்சணம்தான், காருக்கு அதனால்தான் ரேடியேட்டர். நம் திமில் மாடுகளுக்கு ரேடியேட்டர் தோல். தளர்ந்து தொங்கும் அலைதாடி பரப்பைக் கூட்டுகிறது. மயிர்க்கால் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வியர்வைச் சுரப்பி இருக்கிறது, அது ஐரோப்பிய மாடுகளுடையதைவிடப் பெரியது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 2,400 கிலோ ஜூல் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் வியர்வை உலர வேண்டுமே. பங்குனி சித்திரையில் பத்து மணிக்கு மேல் தார் கொதிக்கும்போது இந்த ஏற்பாடும் திணறும். காலை ஆறு, ஏழு மணிக்கே முதல் வண்டியை விடுவது சம்பிரதாயம் மட்டுமில்லை, அது உயிர் காக்கும் ஏற்பாடு.

தீவனத்தில் கரிசலின் கைவண்ணம் இருக்கிறது. 1901-லிருந்து கோவில்பட்டியில் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பருத்திக்கும் சோளத்துக்கும் ரகம் கண்டது. பருத்தியின் கொட்டையும் சோளத்தின் தட்டையும் தொட்டிக்கு வந்தன. பருத்திக்கொட்டையில் ஐந்தில் ஒரு பங்கு புரதம், ஏறக்குறைய அதே அளவு எண்ணெய். கூடவே காசிபால் என்ற நச்சும் இருக்கிறது. கோழிக்கும் பன்றிக்கும் அது ஆகாது. மாட்டின் முதல் இரைப்பையில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் அதைப் புரதத்தோடு பிணைத்து முடக்கிவிடுகின்றன. இளஞ்சோளப் பயிரை மேயவிட்டால் மட்டும் கதை மாறும். வாடிய இளந்தட்டையில் சயனைடு வெளிவரும், ஒரு மணி நேரத்தில் மாடு சாய்ந்துவிடலாம். கரிசல் மாட்டுக்காரர் எவரும் இதை மறப்பதில்லை.

மறப்பது இன்னொன்றை. பந்தயத்துக்கு முந்தைய வாரம் தானியத்தை அள்ளி அள்ளி வைப்பவர்கள் உண்டு, அன்பினால்தான். மாவுச்சத்து மிஞ்சினால் இரைப்பையில் அமிலம் கூடும். 6-க்கு மேல் இருக்க வேண்டிய அமிலகார அளவு 5½-க்குக் கீழே இறங்கினால், அதன் விளைவு ஓரிரு வாரத்தில் வயிற்றில் தெரியாமல் குளம்பில் தெரியும். குளம்பின் உள்ளே இருக்கும் மெல்லிய ரத்த நாள அடுக்கு வீங்கிப் புண்ணாகும். காளை ஏன் நொண்டுகிறது என்று சாலையைக் குறை சொல்வார்கள். பாவம், குற்றவாளி தொட்டியில் இருக்கிறான்.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் சேர்த்தே தடை செய்தது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டம் அதற்கு அடிப்படை. 2017 ஜனவரி 23-ல் சட்டப்பேரவை திருத்தம் கொண்டுவந்தது, வண்டிகள் மெல்ல மெல்லச் சாலைக்குத் திரும்பின. 2023 மே 18-ல் அரசியல் சாசன அமர்வு தமிழகச் சட்டம் செல்லும் என்றது. சட்டப் புத்தகத்தில் இவை மூன்று தேதிகள். மாட்டின் வாயில் பார்த்தால் வேறு கணக்கு. தடை வந்த அன்று இரண்டு பல் போட்டிருந்த காளை, திருத்தம் வந்தபோது கடை சேர்ந்து நின்றது. ஒரு தலைமுறைக் காளைகள் பூஞ்சிட்டாகவும் ஓடவில்லை, பெரிய மாடாகவும் ஓடவில்லை. டிராக்டர் உழவைப் பிடுங்கிக்கொண்ட ஊரில், ஓடாத காளைக்குத் தீனி போட எத்தனை பேரால் முடியும்?

ஆனால் 2014 தீர்ப்பு வதை பற்றி எழுப்பிய கேள்வியைத் தள்ளிவிட முடியாது. வாலை முறுக்குவதும் தார்க்குச்சியால் குத்துவதும் ஓட்டுவதாகாது. வால் என்பது முதுகெலும்பின் தொடர்ச்சி, எலும்பும் நரம்பும் உள்ள உறுப்பு. வலிக்கு ஓடும் மாடு ஒரு மைல் வேகமாகப் போகும், அடுத்த மைலில் அதன் இதயமும் கால்களும் அதற்கு விலை கொடுக்கும். கயிற்றின் ஒரு சுண்டலுக்கும் சாரதியின் குரலுக்கும் வேகம் கூட்டும் சோடிகளை இந்த வட்டாரத்தில் பார்க்க முடிகிறது. அவைதான் பல சீசன் நிற்கின்றன.

பந்தயம் முடிந்த மறுவாரம் லாடக்காரர் வருகிறார். காளையைக் கயிற்றால் மடக்கிப் பக்கவாட்டில் சாய்த்து, நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். குதிரைக்குக் காலுக்கு ஒரு லாடம். மாட்டின் குளம்பு பிளந்தது, அதனால் காலுக்கு இரண்டு, மொத்தம் எட்டு. சாலையில் தேய்ந்த தகடுகளை அவர் ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் வரிசையாக வைக்கிறார். முன்னங்காலில் உள்பக்கத் தகடு கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது, பின்னங்காலில் வெளிப்பக்கத் தகடு. மாட்டின் எடை குளம்புகளில் அப்படித்தான் இறங்கும். இது வழக்கமான தேய்மானம், பார்த்துவிட்டு நகர்கிறார்.

இடது பின்னங்கால் வெளித் தகட்டில் அவர் கை நிற்கிறது. முனை மட்டும் காகிதம்போல மெலிந்திருக்கிறது. திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "இந்தக் காலை இழுத்துப் போடுது. முட்டியைப் பாருங்க" என்கிறார். சொந்தக்காரர் குனிந்து மூட்டைத் தடவுகிறார், லேசான சூடு. அடுத்த வெள்ளிக்கிழமை விளாத்திகுளம் பக்கம் ஒரு பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறது. அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, பெயரை அடித்துவிடச் சொல்கிறார்.