தராசைக் காட்ட வேண்டியது நிறுப்பவரின் கடமை

பொகவந்தலாவைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் வேளையில் தொழிலாளப் பெண்களின் கண்கள் தராசின் மீதே பதிந்திருக்கும். சாக்கின் எடைக்கென்றும் இலையின் ஈரத்துக்கென்றும் சில கிலோ கழிக்கப்படுவது வழமை. குறித்த நிறை எட்டப்படாவிட்டால் அன்றைக்கு அரைப்பேரே விழும். இக்கழிவு நியாயமானதா என்ற விவாதம் ஒருபுறமிருக்க, எவ்வளவு கழிக்கப்பட்டது, எதற்காகக் கழிக்கப்பட்டது என்பதை உழைத்தவருக்குச் சொல்லியாக வேண்டும் என்பதில் இரு கருத்துகளுக்கு இடமில்லை.

அத்தொழிலாளரின் பிள்ளைகள் இன்று கையடக்கத் தொலைபேசியில் தமது சம்பளப் பிரச்சினையை, காணியுரிமையை, ஊரின் துயரத்தை எழுதுகின்றனர். அவ்வெழுத்தும் ஒரு தராசில் நிறுக்கப்படுகின்றது. ஆனால் அந்தத் தராசு அவர்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சமூக ஊடக நிறுவனங்கள் பதிவுகளை முதலில் இயந்திரங்களின் மூலமும், அவற்றுள் ஒரு பகுதியை மனிதர்களின் மூலமும் பரிசீலிக்கின்றன. பின்னர் சில அகற்றப்படுகின்றன. சிலவற்றுக்கு எச்சரிக்கை இடப்படுகின்றது. சில, எழுதியவர் அறியாமலேயே பலரைச் சென்றடையாதவாறு குறைக்கப்படுகின்றன. முறைப்பாடு வந்தும் அகற்றாமல் விடுவதும் ஒரு தீர்ப்பேயாகும். இத்தீர்ப்புகள் எவ்வாறு எட்டப்படுகின்றன என்பது மறைக்கப்படும்போது ஏற்படும் விளைவை நமது நாடு மிகுந்த விலை கொடுத்து அறிந்திருக்கின்றது.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலந்த உணவு வழங்கப்பட்டதாக வதந்தி எழுந்தது. சிங்களம் சரிவரப் புரியாத நிலையில் அங்கிருந்தவர் அச்சத்துடன் அளித்த பதில் காணொளியாகப் பரப்பப்பட்டது. உணவில் இருந்தது வெறும் மாவுக்கட்டியே என்பது பின்னர் அரச பகுப்பாய்வில் தெரியவந்தது. ஆனால் அதற்குள் வன்முறை கண்டி மாவட்டத்தை எட்டிவிட்டது. மார்ச் 5ஆம் திகதி திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மறுநாள் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. 7ஆம் திகதி சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன.

முஸ்லிம்களைக் கொல்லுமாறு தூண்டிய சிங்களப் பதிவு குறித்து முறையிட்டவர்களுக்கு, அது தமது விதிகளை மீறவில்லை என்ற பதிலே பேஸ்புக்கிடமிருந்து கிடைத்தது. இத்தகைய வெறுப்புப் பேச்சு குறித்து மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014ஆம் ஆண்டிலேயே ஆய்வறிக்கை வெளியிட்டு எச்சரித்திருந்தது என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. வன்முறை நடந்து ஈராண்டுகள் கழிந்த பின்னர், 2020 மே மாதத்தில், சுயாதீன மதிப்பீடொன்றின் சுருக்கத்தை வெளியிட்டு பேஸ்புக் மன்னிப்புக் கோரியது. இத்தகைய முறைப்பாடுகளைப் படித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் சிங்களமும் தமிழும் அறிந்தோர் எத்தனை பேர் என்பது அன்றே பகிரங்கமாக இருந்திருப்பின், குறைபாடு முன்கூட்டியே வெளிப்பட்டிருக்கும்.

அகற்றாததால் விளைந்த தீங்கு இது. அகற்றுவதால் விளையும் மனக்குறை தமிழர் தரப்பில் நெடுநாளாக உள்ளது. யுத்தத்தில் இறந்தோரை நினைவுகூரும் பதிவுகளும், அது தொடர்பான செய்திகளும்கூட நீக்கப்பட்டதாகத் தமிழ் ஊடகத்தினர் பலமுறை முறையிட்டுள்ளனர். ஆபத்தான அமைப்புகள் எனப் பேஸ்புக் வகைப்படுத்திய நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களைக் கொண்ட பட்டியல், அந்நிறுவனத்தால் அன்றி, 2021 ஒக்டோபரில் ஓர் அமெரிக்கச் செய்தித்தளத்தின் மூலமே வெளியானது. எந்த அமைப்பு அப்பட்டியலில் இருக்க வேண்டும் என்பதல்ல இங்கு எமது கேள்வி. செய்தி சொல்வதையும் நடுநிலையாக விவாதிப்பதையும் அனுமதிப்பதாகக் கூறும் நிறுவனம், ஒரு செய்தியை நீக்கும்போது அது எந்த எல்லையைக் கடந்தது என்பதை எழுதியவருக்குச் சொல்ல வேண்டாமா என்பதே கேள்வி.

மூன்றாவது உதாரணம் முற்றிலும் வேறுபட்டது. 2022 ஏப்ரலில், வைத்தியசாலைகளில் மருந்து தீர்ந்துகொண்டிருந்த வேளையில், இலங்கையின் மருத்துவத் தொழிற்சங்கமொன்று மருந்துகளை நன்கொடையாகக் கோரிப் பேஸ்புக்கில் பதிவிட்டது. மருந்து கேட்பதைத் தடைசெய்யும் விதியின்படி அது விதிமீறலாகும். ஆயினும் விதியின் நோக்கத்தைக் கருத்திற்கொண்டு தாய் நிறுவனமான மெட்டா அதனை அனுமதித்தது. அம்முடிவு சரியே என மெட்டாவின் மேற்பார்வைச் சபை 2023 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஆனால் இவ்வாறான விதிவிலக்கு ஒன்று இருப்பதே பயனாளர்களுக்குத் தெரியாது என்பதைச் சுட்டிக்காட்டி, அதனைப் பகிரங்கப்படுத்துமாறு சபை பரிந்துரைத்தது. நல்ல தீர்ப்பும் இரகசியமாக வழங்கப்பட்டால் அது தயவாகிவிடுகின்றது, உரிமையாவதில்லை. இன்று கிடைத்த தயவு நாளை இன்னொருவருக்கு மறுக்கப்பட்டால் கேட்பதற்கு ஆதாரம் இராது.

விதிகளை முழுமையாக வெளியிட்டால் தீயோர் அவற்றுக்குத் தப்பும் வழியைக் கற்றுக்கொள்வர் என நிறுவனங்கள் கூறுகின்றன. இயந்திரங்கள் பதிவுகளைக் கண்டறியும் நுட்பத்தைப் பொறுத்தவரை இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்வதற்கு அது தடையாகாது. மறைத்து வைப்பதில் வேறோர் அபாயமும் உண்டு. குர்திஷ் தலைவர் ஒஜலானின் தனிமைச் சிறை குறித்த இன்ஸ்டகிராம் பதிவொன்று நீக்கப்பட்டபோது, அத்தகைய விவாதத்தை அனுமதிக்கும் உள்ளக வழிகாட்டல் ஒன்று 2018 முதல் மூன்று ஆண்டுகள் தவறவிடப்பட்டிருந்தமை 2021இல் தெரியவந்தது. வெளியார் எவருக்கும் தெரியாத விதி தொலைந்தால் அதைத் தேடுவாரும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், பதிவு நீக்கப்பட்டாலோ அதன் பரவல் குறைக்கப்பட்டாலோ உரியவருக்குக் காரணம் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியுள்ளது. ஒன்றியத்தின் ஒவ்வொரு ஆட்சிமொழிக்கும் எத்தனை பரிசீலகர்கள் உள்ளனர் என்பதையும் பெரு நிறுவனங்கள் வெளியிட வேண்டும். நமது நாட்டின் 2024ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஆணைக்குழுவின் மூலம் எதனை அகற்றுவது என்பதிலேயே பெரிதும் கவனம் செலுத்துகின்றது. நிறுவனத்தின் கையிலுள்ள மறைவான தராசுக்குப் பக்கத்தில் அரசின் கையில் இன்னொரு தராசை வைப்பதால் மக்களின் பார்வை தெளிவடையப் போவதில்லை.

எனவே மூன்று விடயங்களை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். நீக்கத்துக்கான காரணம், மீறப்பட்ட விதியுடன், எழுதியவரின் மொழியிலேயே தெரிவிக்கப்பட வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் வந்த முறைப்பாடுகள், நீக்கங்கள், மீளளிக்கப்பட்டவை, பரிசீலகர்கள் ஆகிய எண்ணிக்கைகள் தனித்தனியே வெளியிடப்பட வேண்டும். அரசு விடுக்கும் நீக்கக் கோரிக்கைகளும் பகிரங்கமாக்கப்பட வேண்டும். பத்திரிகைகளாகிய நாமும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர்கள் அல்லர். எம்மீதான குறைகளை விசாரிக்க 2003 முதல் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இயங்கி வருகின்றது. எம்மை விடப் பன்மடங்கு வாசகரைக் கொண்டோரிடம் அதே பொறுப்பை எதிர்பார்ப்பது மிகையன்று.

வாசகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பதிவு நீக்கப்பட்டால் வந்த அறிவித்தலைத் திகதியுடன் படம்பிடித்து வைத்துக்கொண்டு, மறுபரிசீலனை கோருங்கள். பேஸ்புக், இன்ஸ்டகிராம் பதிவுகளில் அதுவும் தோற்றால், இறுதி முடிவு வந்து 15 நாட்களுக்குள் மேற்பார்வைச் சபைக்கு முறையிடலாம். முறைப்பாடுகளில் ஒரு பகுதியையே சபை விசாரணைக்கு எடுக்கின்றது என்பது உண்மையே. எனினும் தமிழில் எழுதுவோர் கேள்வி கேட்காமல் ஒதுங்கிவிட்டால், தமிழில் தவறே நிகழவில்லை என்றே கணக்கில் பதியப்படும்.