நுரையும் கூட்டாற்றலும்

ஷாம்பூ நுரைக்கவில்லையென்றால் இன்னும் ஒரு கை ஊற்றிக்கொள்வது நம் விடுதி நண்பர்களின் வழக்கம். நுரை மிகுந்தால் அழுக்கும் மிகுதியாக நீங்கும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இதுபற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

ஷாம்பூப் புட்டியின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் சோடியம் லாரெத் சல்ஃபேட், கோகமிடோபுரோப்பைல் பீட்டெயின் என்னும் இரு பெயர்களைக் காணலாம். ஒன்று போதாதா? இரண்டு எதற்கு?

இவற்றின் மூலக்கூறுகளுக்கு நீரை நாடும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் உண்டு. ஆதலால் அவை நீர்ப்பரப்புக்கு வந்து, வாலைக் காற்றில் நீட்டி நிற்கின்றன. இத்தகைய மூலக்கூறுகள் இருபுறமும் அணிவகுத்த மெல்லிய நீர்ப்படலமே குமிழியின் சுவர். அணி நெருங்கினால் சுவர் உறுதிபெறும். இடைவெளி மிகுந்தால் விரைவில் உடையும்.

லாரெத் சல்ஃபேட்டின் தலை எதிர்மின்னேற்றம் உடையது. ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்குமன்றோ? எனவே அவை தாமாக நெருங்கி நிற்பது அரிது. பீட்டெயினின் தலையிலோ நேர், எதிர் ஆகிய இரு மின்னேற்றங்களும் உள்ளன. அது இடையிடையே புகுந்து விலக்கத்தைத் தணிக்கிறது. அணி நெருங்குகிறது, நீர் மெல்ல வடிகிறது, நுரை நிலைக்கிறது. தோலுக்கு எரிச்சலும் குறைகிறது. இரண்டும் தனித்தனியே தரும் பலனைக் கூட்டினால் வருவதைவிட மிகுந்த பலன் இவ்வாறு கிட்டுவதையே கூட்டாற்றல் என்கிறோம்.

மின்னேற்றமே இல்லாத பொருளும் இவ்வாறு உதவும். மிகத் தூய சோடியம் டோடெசில் சல்ஃபேட்டின் நுரையைவிட, சிறிது டோடெக்கனால் கலந்ததன் நுரை நெடுநேரம் நிற்கும். ஆனால் எல்லாக் கலவையும் நன்றன்று. முற்றிலும் எதிரெதிர் மின்னேற்றமுடைய இரண்டைச் சம அளவில் கலந்தால், அவை பெரும்பாலும் இணைந்து வீழ்படிவாகிவிடும்.

இனி முதற் கேள்விக்கு வருவோம். நுரை, தூய்மையின் அளவுகோல் அன்று. சலவை இயந்திரங்களுக்கான தூள்கள் குறைவாக நுரைக்கும்படியே செய்யப்படுகின்றன. அவை அழுக்கை நன்றாகவே நீக்குகின்றன. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் ஷாம்பூ முதலில் நுரைக்காததற்குக் காரணம், எண்ணெய்த் துளிகள் குமிழியை உடைப்பதே. அப்போதும் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

மிகையாக ஊற்றியது எங்கே போகிறது? டில்லியில் ஓக்லா அணையைத் தாண்டி, காளிந்தி குஞ்ச் அருகே யமுனையில் மிதக்கும் வெண்ணுரையை நம்மிற் பலர் கண்டிருப்போம். கழிவுநீரோடு வந்து சேரும் சலவைப் பொருள்களும் அந்நுரைக்கு ஒரு காரணம். அடுத்த கை ஊற்றுமுன் இதைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.