கேமுக்கும் ரசீது வாங்குங்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இதே புலம்பல்தான். பையன் பேஸ்புக்கில் யாரிடமோ, ஸ்டீம் என்ற கேம் விற்கும் தளத்தின் கணக்கு ஒன்றை மலிவாக வாங்கியிருப்பான். நாலு நாள் கழித்துப் பழைய ஆள் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுக் காணாமல் போயிருப்பான். இன்னொரு வீட்டில், மடிக்கணினியின் அடியில் 'ஆயுள் முழுக்க' என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்த ஆபீஸ் மென்பொருள் சாவி வருடம் திரும்புவதற்குள் செத்திருக்கும். ரசீது எங்கே என்றால், "வாட்ஸ்அப்பில் பேசினோம்" என்பார்கள்.

ஸ்டீம் கணக்கை விற்கக் கூடாது, கைமாற்றக் கூடாது என்பது அந்நிறுவனத்தின் நிபந்தனை. நேராக அவர்களிடமே வாங்கினாலும் கிடைப்பது விளையாடும் அனுமதி மட்டும்தான். 'தி குரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வர்களை யுபிசாஃப்ட் 2024 மார்ச் 31ஆம் தேதி மூடியது; பிறகு, காசு கொடுத்தவர்களின் கணக்கிலிருந்து அனுமதியையும் எடுத்தது. வட்டாக வாங்கி அலமாரியில் வைத்திருந்தவருக்கும் மிச்சமானது பெட்டிதான். தருவது அனுமதி மட்டுமே என்று விற்பவர் தெளிவாகச் சொல்லவேண்டும் எனக் கலிபோர்னியா அதே ஆண்டு சட்டம் இயற்றியது. ஸ்டீமில் பணம் கட்டும் இடத்தில் இப்போது அந்த வரி இருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

ஸ்டீமில் வாங்கிய கேம் ஒத்துவரவில்லை என்றால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தவணை கடந்தபின் கெஞ்சினாலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

தனி ஆளிடம் ஏமாந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகாதீர்கள். அது வியாபாரிகள் மீதான வழக்குக்கு உரியது. பணம் வங்கியில் போட்டிருந்தால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997ஐ அழையுங்கள், பிறகு போலீஸ் புகார். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் பணம் அதற்குள் வேறு கணக்குக்குப் போய்விடும்.

கடை ஏமாற்றினால் தீர்ப்பாயம்தான் வழி. மலாயில் திரிபுனால் துந்துத்தான் பெங்குனா. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்தது. 50,000 வெள்ளி வரை கோரலாம், 3 ஆண்டுக்குள் பதியவேண்டும், கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. புத்ராஜெயா பிரெசிண்ட் 2இல் உள்நாட்டு வாணிப அமைச்சிலேயே தலைமையகம் இருக்கிறது, இணையத்திலும் பதியலாம். போராங் 1 என்ற மனுப் பாரத்தில் கடையின் பதிவுப் பெயரும் முகவரியும் சரியாக இருக்கவேண்டும். பெயர்ப்பலகையில் உள்ளதே பதிவுப் பெயராக இருக்கும் என்றில்லை. நிறுவனங்களைப் பதியும் எஸ்எஸ்எம்மில் தேடிப் பாருங்கள். இங்கேதான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். பதிந்த பாரத்தைக் கடைக்காரரிடம் சேர்க்கும் பொறுப்பும் உங்களுடையதே: நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டை வைத்திருங்கள். சீட்டைத் தொலைத்துவிட்டு விசாரணைக்குப் போகாதீர்கள். ரசீது, ஸ்டிக்கரின் படம், சாவி செல்லாது என்று திரையில் வந்த செய்தி, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் தாளில் அச்சிட்டு எடுத்துப் போங்கள். "ஆன்லைன் விவகாரம், எங்களுக்கு வராது" என்று முகப்பில் இருப்பவர் சொன்னால் நகராதீர்கள். மின்வணிகமும் அந்தச் சட்டத்துக்குள் வந்து வெகு காலமாகிவிட்டது. தீர்ப்பு வந்து 14 நாளில் கடை பணம் தராவிட்டால் அது குற்றம். அதையும் போய்ச் சொன்னால்தான் நடக்கும்.

இத்தனை அலைச்சலும் ஒரு கடிதம் தட்டச்சு செய்ய வாங்கிய மென்பொருளுக்காகவா என்று எரிச்சல் வருகிறது. லிப்ரே ஆபீஸுக்குச் சாவியே கிடையாது. தமிழ் ஒருங்குறி அதில் நன்றாக ஓடும், பக்கத்து வீட்டுக்குப் பிரதி கொடுத்தாலும் குற்றமில்லை. நம் அரசாங்கமே 2004இல் திறந்த மூல மென்பொருளுக்குப் பெருந்திட்டம் போட்டது. அப்புறம் என்ன ஆனது என்று அலுவலகங்களில் கேட்டால் சிரிக்கிறார்கள். கேமும் கையில் நிற்கவேண்டுமென்றால் ஜிஓஜி தளத்தில் வாங்கி, நிறுவும் கோப்பை வெளி வட்டில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். கடை மூடினாலும் தனியாள் கேம் ஓடும்.

ஆனால் எதை இறக்கினாலும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். தேடலில் விளம்பரமாக மேலே வரும் முதல் சுட்டியைத் தொடாதீர்கள். 'கிராக்' என்று பெயர் போட்ட கோப்பை அறவே தொடாதீர்கள், அதே கணினியில்தான் உங்கள் வங்கிக் கணக்கும் திறக்கிறது.