கம்பளம் கேட்ட ஆசிரியை

ஆரம்பப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி தன் வகுப்புக்கு ஒரு கம்பளம் கேட்கிறாள். குழந்தைகள் படுத்துறங்கும் பழைய கம்பளம் பாழாகிவிட்டது. இவ்வளவே கதை. இதைக்கொண்டு அரைமணி நேரம் நம்மை வயிறு குலுங்கச் சிரிக்க வைக்க முடியுமா? முடியும் என்று காட்டியது ‘அபொட் எலிமென்ரறி’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்.

2021 டிசெம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய இத்தொடரை ஆக்கி, ஜனீன் என்னும் அவ்விளம் ஆசிரியையாக நடித்தவர் குயின்ரா பிரன்சன். அவருடைய தாயாரும் பிலடெல்பியா நகரில் ஆசிரியையாயிருந்தவரே. தமக்கு ஆறாம் வகுப்பிற் கற்பித்த ஆசிரியையின் பெயரையே கதையில் வரும் பாடசாலைக்குச் சூட்டினார். குருதட்சிணை என்பது இதுவன்றோ!

மேலிடத்திலிருந்து வந்த பணத்தில் அதிபர் ஏவா அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? தமது முகம் பொறித்த பெயர்ப்பலகை ஒன்றைப் பாடசாலை வாசலிலே நாட்டினார்! சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும், எங்கோ கண்ட முகமாயிருக்கிறதே என்றும் தோன்றிற்று. கடைசியிற் கம்பளம் வந்தது சக ஆசிரியை ஒருவருக்குத் ‘தெரிந்த ஆள்’ மூலமாகத்தான். (இந்தத் ‘தெரிந்த ஆள்’ நம் நாட்டிலும் எத்தனை கூரைகளின் ஒழுக்கை நிறுத்தியிருக்கிறார்!)

நம் திரைப்படங்களில் ஆசிரியர் ஒன்றில் வகுப்பிலே குறட்டை விடுவார். அன்றேல், 2012இல் வந்த ‘சாட்டை’யிற் போலத் தனியொருவராய் வந்து பாடசாலையையே திருத்திவிடுவார். ஜனீன் இவ்விரண்டுமல்லள். நடைபாதை விளக்கைத் திருத்தப் போய்ப் பாடசாலை முழுவதையுமே இருளாக்கிவிடுகிறாள். மறுநாள் காலையில் மறுபடி வந்து நிற்கிறாள். மூத்த ஆசிரியை பார்பராவோ, உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றப் பழகியவர். அவராக நடித்த ஷெறில் லீ றால்ஃப், தொடரை எழுதிய பிரன்சன் ஆகிய இருவருக்கும் 2022 செப்ரெம்பரில் எமி விருது கிடைத்தது.

அதே ஆண்டு மார்ச்சிலே, அச்சிடக் கடதாசியின்றி நமது மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். 1945இலேயே இலவசக் கல்வி கண்ட நாடு இது! அந்நாட்களிற் சொந்தப் பணத்திற் கடதாசி வாங்கி வந்த ஆசிரியைகளை நாமறிவோம். அவர்களைப் புகழ்வது எளிது. புகழ்ந்துவிட்டால் கடதாசி வாங்கும் கடமை நமக்கில்லை என்றாகிவிடுகிறது. இத்தொடரிலும் நமக்குள்ள குறை இதுவே. வாரந்தோறும் பஞ்சத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து, பஞ்சமே பழகிப்போகிறது. ஆயினும் தொடரின் விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை ஆசிரியர்களுக்கு வகுப்புப் பொருள்கள் வாங்கித் தரச் செலவிட்டனர் என்பதையும் சொல்லவேண்டும்.

கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்க நற்சான்றுப் பத்திரம் கேட்டு நம்மிடம் வந்தாள் ஒரு மாணவி. அவளும் இத்தொடரைப் பார்த்திருந்தாள். “சேர், அமெரிக்காவிலையும் இப்பிடித்தானோ?” என்றாள்.

“இப்பிடித்தான் போலிருக்குது, பிள்ளை” என்றோம்.

சற்றே யோசித்தாள். பின்னர் பத்திரத்தை நம் பக்கம் நகர்த்தி வைத்தாள். கையொப்பமிட்டுக் கொடுத்தோம்.