முந்துதலும் வழிவிடுதலும்

சாலை எவர்க்கும் தனியுடைமை அன்று, எல்லார்க்கும் பொது. பொதுவான ஒன்றைப் பயன்படுத்துவோர் ஒருவர்க்கொருவர் இடந்தந்து ஒழுகுதல் வேண்டும். இவ்வுண்மையை வாயால் மறுப்பார் இலர். ஆயினும், முன்னே ஒரு லோரி மெல்ல ஊர்ந்து செல்லும்போது, பின்னே வரும் காரோட்டியின் உள்ளத்தில் இவ்வுண்மை நிலைத்து நிற்பதில்லை. அவருடைய பண்பு தேர்வுக்கு வரும் இடம் அதுவே.

மலாக்கா மாநிலத்துச் சாலைகளை நோக்குவோம். 1994ஆம் ஆண்டில் முழுமையடைந்த வடக்கு தெற்கு நெடுஞ்சாலை சிம்பாங் அம்பாட், ஆயர் குரோ, ஜாசின் வழியே இம்மாநிலத்தைக் கடக்கிறது. அதில் போவதற்கு ஒரு தளம், வருவதற்கு ஒரு தளம், இடையே தடுப்பு. ஆனால் செலண்டார், நயாலாஸ், அசகான் போன்ற உட்பகுதிகளை இணைக்கும் சாலைகள் அத்தகையன அல்ல. அங்கே தளம் ஒன்றே. போவார்க்கும் வருவார்க்கும் இடையே உள்ள காவல் ஒரு வெள்ளைக் கோடு மட்டுமே.

இம்மாநிலம் தோட்டத் தொழிலில் பழமை வாய்ந்தது. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வாணிக நோக்கோடு பயிரிட்டார். பின்னர்ப் பல தோட்டங்களில் செம்பனை வந்தது. இன்று அச்சாலைகளில் குலைகளை ஏற்றிய லோரியும், டிராக்டரும், பேருந்தும், விரைவுக் காரும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. பிள்ளையைப் பின்னே அமர்த்திப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தந்தையின் மோட்டார் சைக்கிளும் அவற்றோடு செல்கிறது. வேகம் வேறுபடும் இடத்தில் ஒன்றை ஒன்று முந்துதல் இயல்பே. முந்துதல் குற்றமன்று. எங்கே, எப்போது, எவருக்கு இடர் விளைத்து முந்துகிறோம் என்பதே வினா.

முந்துதல் என்பது யாது? தன் பாதையை விட்டு எதிரே வருபவரின் பாதையில் புகுந்து, மீண்டும் தன் பாதைக்கு வருதல். அஃதாவது, பிறர்க்குரிய பாதையைச் சிறிது நேரம் இரவலாகப் பெறுதல். உரியவர் வருமுன் திருப்பித் தரக்கூடிய இரவலே முறையான இரவல். உரியவர் வந்த பின்னும் தராது நிற்பது பறித்தலாகும்.

இந்த இரவலுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? ஆரம்பப்பள்ளியின் காலம், வேகம், தூரக் கணக்கே விடை கூறும். ஒரு லோரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதனை ஒரு கார் 90 கிலோமீட்டர் வேகத்தில் முந்துகிறது. லோரியின் நீளம் 12 மீட்டர், காரின் நீளம் 5 மீட்டர், முந்துமுன் 25 மீட்டர் இடைவெளி, முந்தியபின் 25 மீட்டர் இடைவெளி எனக் கொண்டால், லோரியைவிடக் கார் 67 மீட்டர் மிகுதியாகச் செல்ல வேண்டும். அதற்கு 8 வினாடி ஆகும். அந்த 8 வினாடியில் கார் 200 மீட்டர் ஓடிவிடும். எதிரே 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியும் 200 மீட்டர் நெருங்கிவிடும். ஆகவே 400 மீட்டருக்குச் சாலை வெறுமையாக இருத்தல் வேண்டும். பிழைக்கு இடம் வைத்தால் அதனினும் மிகுதி.

அதே லோரி 75 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால்? நேரம் 16 வினாடியாகிறது. வேண்டிய தூரம் 800 மீட்டராகிறது. முந்துதலை எளிதாக்குவது தன் வேகம் மட்டும் அன்று. இரு வண்டிகளின் வேகத்திற்கும் இடையே உள்ள வேறுபாடே என்பது இதனால் விளங்கும். வளைவும் மேடும் நிறைந்த தோட்டப்புறச் சாலையில் 800 மீட்டர் தெளிவாகத் தெரியும் இடம் மிகச் சிலவே.

கண்ணும் ஏமாற்றும். எதிரே வருவது பெரிய பேருந்தாயின் அதன் நெருக்கம் உடனே புலப்படும். மோட்டார் சைக்கிள் உருவிற் சிறியது. ஆதலின் அது இன்னும் தொலைவில் வருவதாகவே கண் மயங்கும். இம்மயக்கத்தைக் குறைக்கவே, 1992ஆம் ஆண்டு முதல் பகலிலும் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு எரிய வேண்டும் என மலேசியாவில் விதிக்கப்பட்டது. பகல் வெளிச்சத்தில் விளக்கு எதற்கு என்று வினவுவார் உளர். அது வழி பார்ப்பதற்கு அன்று. பிறர் கண்ணில் படுவதற்கு.

கண்ணில் பட்ட பின்னும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. எதிரே கார் வந்தால் பொறுத்திருப்பவர், மோட்டார் சைக்கிள் வந்தால் பொறுப்பதில்லை. "அவன் ஓரமாக ஒதுங்கிக்கொள்வான்" என்று எண்ணி எதிர்ப்பாதையில் புகுகிறார். ஒதுங்கும் இடத்தில் மணலும் குழியும் இருத்தல் கூடும்; தாரின் விளிம்பு உடைந்திருத்தல் கூடும். 2019ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் மாண்டோர் 6,167 பேர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. வலியவன் முந்த மெலியவன் ஒதுங்குவது சாலை நெறி ஆகாது.

வலப்புற விளக்குப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். லோரி ஓட்டுநர் சிலர், "எதிரே வண்டி வருகிறது, முந்தாதே" என்று பின்னால் வருபவர்க்கு உணர்த்த வலப்புற விளக்கை மினுக்குவர். "இனி முந்தலாம்" என்பதற்கு இடப்புற விளக்கை மினுக்குவர். நல்லெண்ணத்தில் பிறந்த வழக்கம் இது. ஆனால் வலப்பக்கத் தோட்டச் சாலையில் திரும்ப இருக்கும் வண்டியும் அதே வலப்புற விளக்கைத்தான் மினுக்கும். குறி ஒன்று, பொருள் இரண்டு. எனவே, வலப்புற விளக்கு எரியும்போது முந்தாதிருத்தலே இரண்டு பொருளுக்கும் பொருந்தும். இடப்புற விளக்கை மட்டும் நம்பி முந்துவதும் தவறு. பிறர் கண்ணைக் கடன் வாங்கி வண்டி ஓட்டலாகாது.

இரட்டைக் கோடு இட்ட இடத்தில் முந்துதலைச் சட்டம் தடுக்கிறது. கோடு ஒருபுறம் தொடர்ந்தும் மறுபுறம் விட்டுவிட்டும் இருந்தால், விட்ட கோட்டின் பக்கம் உள்ளவரே முந்தலாம். முந்தப்படுபவர்க்கும் கடமை உண்டு. அவர் இடப்புறம் ஒட்டிச் செல்ல வேண்டும். தம் வேகத்தைக் கூட்டலாகாது. முந்துபவருக்கு வழிவிடாமல் விரைவது வீரம் அன்று. இருவரையும் எதிரே வருபவரையும் ஒருங்கே இடரில் ஆழ்த்துவதாகும்.

சாலையை அமைப்போர்க்கும் இதில் பங்குண்டு. சுவீடன் நாட்டில் 1998ஆம் ஆண்டு முதல் ஒரு புதுமுறையைக் கையாண்டனர். சாலையை மூன்று தடமாக்கி, நடுத்தடத்தைச் சிறிது தூரம் ஒரு திசைக்கும் அடுத்த சிறிது தூரம் மறு திசைக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தனர். இரு திசைகளுக்கும் இடையே கம்பித் தடுப்பு இட்டனர். அச்சாலைகளில் உயிரிழப்புப் பெரிதும் குறைந்தது. "சற்றுப் பொறு, முந்த இடம் வரும்" என்று அச்சாலையே ஓட்டுநர்க்குச் சொல்கிறது.

அத்தகைய சாலை இல்லாத இடத்தில் அப்பொறுமையை உள்ளத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும். அதன் விலை மிகச் சிறிது. லோரியின் பின்னால் 6 கிலோமீட்டர் தூரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 6 நிமிடம் ஆகும். முந்திக்கொண்டு 90 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 4 நிமிடம். மிச்சம் இரண்டே நிமிடம். ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பில் ஒருமுறை செய்ய வைத்தல் நன்று. விடையை மாணவரே காண்பர். வீட்டிற்குச் சென்று தந்தையிடமும் கூறுவர். காரின் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளை வண்டி ஓட்டக் கற்பது ஓட்டுநர் பள்ளியில் அன்று. தந்தை லோரியின் பின்னால் பொறுத்திருக்கும் அந்த ஆறு நிமிடத்திலேயே அது கற்கத் தொடங்கிவிடுகிறது.